லாரி வாங்குவதற்கு முன்

லாரி ஒன்று வாங்கி வாடகைக்கு விடலாம் என்ற யோசனை எந்தக் குடும்பத்தில் எழுந்தாலும், முதல் பேச்சு பணத்தைப் பற்றியதாகவே இருக்கும். பாங்கியில் எவ்வளவு கொடுப்பார்கள், கைமுதல் எவ்வளவு போட வேண்டும், வீட்டு நகையில் எது அடகுக்குப் போகும், எது மிஞ்சும் என்று கணக்குப் பார்ப்பார்கள். இரண்டாவது பேச்சு வண்டியைப் பற்றியது. எந்தக் கம்பெனி வண்டி, எத்தனை சக்கரம், பாடி கட்டுவது நாமக்கல்லிலா வேறிடத்திலா என்று விவாதம் நடக்கும். பெர்மிட், எப்.ஸி., இன்ஷியூரன்ஸ், வரி ஆகியவற்றைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். அதுவும், "அதையெல்லாம் புரோக்கர் பார்த்துக்கொள்வார்" என்ற ஒரே வாக்கியத்தோடு முடிந்துவிடும்.

இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். வண்டி கெட்டால் பழுது பார்க்கலாம். வாடகை குறைந்தால் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு காகிதத்தின் தேதி தப்பிய நாளில் சாலையில் ஒரு விபத்து நேர்ந்துவிட்டால், அந்த லாரியோடு வீடும் நிலமும் போகக்கூடும். இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சட்டம் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்லுகிறோம்.

மோட்டார்த் தொழில் நமது மாநிலத்துக்குப் புதிதன்று. கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு 1920-ஆம் வருஷத்தில் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். அந்த ஒரு பஸ்ஸிலிருந்து பெரிய ஸ்தாபனம் வளர்ந்த கதையைக் கொங்கு நாட்டில் அறியாதவர்கள் இல்லை. பின்னாளில் லாரித் தொழிலிலும் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு முதலிய ஊர்கள் இந்தியா முழுவதும் பெயர் பெற்றன. கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, பிறகு சொந்த வண்டி வாங்கி முதலாளியானவர்கள் அந்த ஊர்களில் பலர். அவர்களுக்குச் சாலை தெரியும். வண்டியின் சத்தத்தைக் கேட்டே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களையும் காகிதம் சில சமயம் கவிழ்த்துவிடுகிறது.

நாயுடு தொழில் தொடங்கிய காலத்தில் இன்றுள்ள பெர்மிட் ஏற்பாடு கிடையாது. அது 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தோடு வந்தது. பஸ்ஸும் லாரியும் ரயில்வேயின் வருமானத்தைப் பறித்துக்கொள்கின்றனவே என்ற கவலை அந்நாளைய பிரிட்டிஷ் சர்க்காருக்கு இருந்தது. அந்தக் கவலைக்கும் அந்தச் சட்டத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. ஆகவே பெர்மிட் என்றாலே "கொடுக்க மனமில்லாத சர்க்காரிடம் கெஞ்சி வாங்குவது" என்ற எண்ணம் ஜனங்களிடையே வேரூன்றியதில் ஆச்சரியமில்லை. புரோக்கர் என்ற பேர்வழிக்கு மதிப்பு ஏற்பட்டதும் அதனால்தான்.

ஆனால் அந்தச் சட்டம் போய்விட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 1989 ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்த 1988-ஆம் வருஷத்துச் சட்டம். பெர்மிட் கேட்டு வரும் மனுவைச் சாதாரணமாக மறுக்கக்கூடாது என்று அதன் 80-வது பிரிவு போக்குவரத்து அதிகாரிகளுக்கே சொல்லுகிறது. பிரயாணிகளை ஏற்றும் பஸ்ஸுக்கு வேறு பல கட்டுப்பாடுகள் உண்டு. சரக்கு லாரியைப் பொறுத்தவரையில் கதவு திறந்தே இருக்கிறது. வாங்குவது எளிதாகிவிட்டது, தேதி தப்பாமல் காப்பாற்றுவதுதான் இன்றைய சங்கடம்.

என்னென்ன காகிதங்கள் என்று பார்ப்போம்.

முதலாவது, வண்டியின் தகுதிச் சான்று. லாரிக்காரர்கள் இதை எப்.ஸி. என்பார்கள். புது வண்டிக்கு இது இரண்டு வருஷம் செல்லும். பிறகு, எட்டு வயது வரையில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், எட்டு வயதைத் தாண்டிய வண்டிக்கு வருஷந்தோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். எப்.ஸி. காலாவதியானால் அபராதத்தோடு விஷயம் முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படியல்ல. தகுதிச் சான்று இல்லாத வாடகை வண்டியைச் செல்லத்தக்க முறையில் பதிவு செய்யப்பட்ட வண்டியாகவே சட்டம் கருதுவதில்லை. ஆர்.ஸி. புத்தகம் பெட்டியில் பத்திரமாக இருந்தும் பிரயோஜனமில்லை.

இரண்டாவது, பெர்மிட். வாடகைக்குச் சரக்கு ஏற்றும் வண்டி பெர்மிட் இல்லாமல் பொதுச் சாலையில் ஓடக்கூடாது என்பது சட்டத்தின் 66-வது பிரிவு. சரக்கோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சிறு வண்டிகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. பாட்டரியில் ஓடும் வண்டிகளுக்கும் 2018-ஆம் வருஷத்தில் விலக்கு அளிக்கப்பட்டது. சிறு முதலோடு இறங்குகிறவர்கள் இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்வது நலம். மற்ற வண்டிகளுக்குப் பெர்மிட்டின் ஆயுள் ஐந்து வருஷம். காலம் முடிவதற்குக் குறைந்தது பதினைந்து நாட்களுக்கு முன்பே புதுப்பிக்க மனுப் போட்டுவிட வேண்டும். மாநில எல்லையைத் தாண்டி ஓட்ட நாஷனல் பெர்மிட் வேண்டும். பழைய லாரி வாங்குகிறவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சாதாரண லாரி பன்னிரண்டு வயதைத் தாண்டிவிட்டால் அதற்கு நாஷனல் பெர்மிட் கிடையாது. பல அச்சு லாரிகளுக்கு அந்த வரம்பு பதினைந்து வயது. பதினோரு வயது லாரியை மலிவாக வாங்கி, "பம்பாய் லோடு அடிக்கலாம்" என்று மனக்கோட்டை கட்டுகிறவர்கள், எத்தனை மாதம் அடிக்கலாம் என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

மூன்றாவது, இன்ஷியூரன்ஸ். வண்டிக்கு நேரும் சேதத்துக்காக இன்ஷியூர் செய்வது நமது இஷ்டம். ஆனால் நமது வண்டியால் பிறருக்கு நேரும் தீங்குக்காக இன்ஷியூர் செய்வது கட்டாயம். இது முதலாளியின் சௌகரியத்துக்காக ஏற்பட்டதன்று. சாலையோரம் சைக்கிளில் போகிறவனுக்காகவும் அவன் வீட்டில் காத்திருக்கும் மனைவி மக்களுக்காகவும் ஏற்பட்டது.

நான்காவது, டிரைவரின் லைசென்ஸ். மொத்த எடை 7,500 கிலோ வரையிலுள்ள வண்டியை, இலகு ரக வண்டி ஓட்டும் லைசென்ஸ் உள்ளவரே ஓட்டலாமா என்பது பல வருஷங்களாக வழக்கில் இருந்தது. ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அதற்கு மேற்பட்ட எடையுள்ள லாரிக்குக் கனரக லைசென்ஸ் வேண்டும். அதையும் ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்க வேண்டும்.

இவற்றோடு சாலை வரி, புகைச் சான்று ஆகியவை சேரும். ஐம்பதினாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை வேறு மாநிலத்துக்குக் கொண்டு போனால் ஈ-வே பில் வேண்டும். அதன் ஆயுளோ சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கு. வழியில் வண்டி பழுதாகிச் சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால் பில்லிலும் வண்டி எண்ணை மாற்ற வேண்டும். மறந்தால் வழியில் சோதனை போடும் அதிகாரி சரக்கையும் வண்டியையும் நிறுத்தி வைத்துவிடலாம்.

ஒரு லாரியோடு நின்றுவிடாமல், புக்கிங் ஆபீஸ் திறந்து பலரிடமும் சரக்கு வாங்கி அனுப்ப நினைப்பவர்களுக்கு மற்றொரு சட்டம் உண்டு. 1865-ஆம் வருஷத்துப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2007-ல் இயற்றப்பட்டு, 2011 மார்ச்சில் அமுலுக்கு வந்தது அது. அதன்படி ஆபீஸ் நடத்துகிறவர் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு பத்து வருஷம் செல்லும். சொந்த லாரி ஒன்றுகூட இல்லாமல் பிறர் லாரிகளை அமர்த்திச் சரக்கு அனுப்பினாலும் இந்தக் கடமை உண்டு. "என்னிடம் வண்டியே இல்லையே, எனக்கு ஏன்?" என்று கேட்பதற்கு இடமில்லை.

இவ்வளவையும் படித்த நேயர்கள், "இதென்ன, லாரித் தொழிலா, காகிதத் தொழிலா?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இந்தக் காகிதங்கள் தவறினால் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்த பிறகு பதில் சொல்லுவோம்.

பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் பதினாயிரம் ரூபாய் அபராதம் என்றும், ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையும் உண்டு என்றும் 2019-ஆம் வருஷத்துத் திருத்தம் சொல்லுகிறது. இதைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள் உண்டு. "அபராதம் கட்டினால் போயிற்று" என்று அலட்சியமாகச் சொல்லுகிறவர்களும் உண்டு. உண்மையான ஆபத்து அபராதத்தில் இல்லை. 2013-ஆம் வருஷத்தில் பெர்மிட் இல்லாத லாரி ஒன்று மோதி, மோட்டார் சைக்கிளில் சென்ற ஒருவர் இறந்தார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிற்று. 2018 மே மாதத்தில் தீர்ப்பு வந்தது. இறந்தவரின் குடும்பம் தவிக்கக்கூடாது. ஆகையால் இன்ஷியூரன்ஸ் கம்பெனி முதலில் நஷ்ட ஈட்டைக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் பெர்மிட் இல்லாமல் ஓட்டியது சட்டத்தின் அடிப்படையையே மீறியதாகும். ஆகையால் கொடுத்த பணத்தைக் கம்பெனி லாரிச் சொந்தக்காரரிடமிருந்து வசூல் செய்துகொள்ளலாம் என்பதே தீர்ப்பின் சாரம்.

இதன் பொருளைச் சற்று யோசித்துப் பாருங்கள். வருஷந்தோறும் பிரீமியம் கட்டியாகிவிட்டது. பாலிஸியும் கையில் இருக்கிறது. அப்படியிருந்தும் லட்சக்கணக்கான ரூபாயை அந்தக் குடும்பமே கட்ட வேண்டியதாகிறது. லாரியை விற்றால் பாங்கிக் கடனுக்கே காணாது. பிறகு வீட்டின் மேல்தான் கை வைக்க வேண்டும். ஒரு காகிதம் தப்பினால் மற்றொரு காகிதத்தின் பலமும் போய்விடுகிறது என்பதைப் பலர் அறியார்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் கோர்ட்டுகள் சற்று இரக்கம் காட்டியிருக்கின்றன. டிரைவரின் லைசென்ஸில் குறை இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. சொந்தக்காரர் தக்க ஜாக்கிரதை எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் கம்பெனி நிரூபிக்க வேண்டும் என்று 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஆகையால் டிரைவரை அமர்த்தும்போது லைசென்ஸை வாங்கிப் பார்த்து, அது மெய்யானதா என்று இலாகாவின் இணையப் பக்கத்தில் சரிபார்த்து, ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்ட முதலாளிக்குப் பாதுகாப்பு உண்டு. "தெரிந்த பையன், நல்லவன்" என்று சாவியைத் தூக்கிக் கொடுத்தவருக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைப்பது சந்தேகம்.

அடுத்தபடியாக ஓவர்லோடு. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னுக்கு மேல் போகக்கூடாது என்று முன்பு இருந்தது. 2018 ஜூலையில் அதை 18.5 டன்னாக உயர்த்தினார்கள். உயர்த்திய பிறகும் ஆசை அடங்கவில்லை. வியாபாரி "இன்னும் இரண்டு டன் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார். மறுத்தால் அடுத்த லாரி தயாராக நிற்கிறது. சட்டமோ அதிக பாரத்துக்கு இருபதினாயிரம் ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இரண்டாயிரம் ரூபாயும் அபராதம் விதிக்கிறது. அதிகச் சரக்கை அங்கேயே இறக்கச் செய்யவும் அதிகாரம் அளிக்கிறது. அந்த இரண்டு டன்னால் கிடைக்கும் வாடகை எவ்வளவு? மலைப் பாதையில் இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போனால் டிரைவரின் உயிருக்கு என்ன வாடகை? ஒவ்வொரு முதலாளியும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

டிரைவரின் உயிரைப் பற்றிச் சொல்லும்போது அவரது தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டார்த் தொழிலாளர்களின் வேலை நேரம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று 1961-ஆம் வருஷத்திலேயே சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டம் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. சட்டம் மாறினாலும் மனித உடம்பு மாறவில்லை. இரண்டு இரவு கண் விழித்தவன் மூன்றாவது இரவு விடியற்காலையில் ஸ்டியரிங்கின் மேல் கண் அசருவான். எந்த பெர்மிட்டும் அப்போது காப்பாற்றாது.

குடும்பத்தார் அனைவரும், முக்கியமாக வீட்டுப் பெண்மணிகள், அறிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. பெர்மிட் என்பது பூர்வீகச் சொத்தைப் போலத் தானே வாரிசுக்கு வந்து சேருவதன்று. பெர்மிட் வைத்திருப்பவர் காலமாகிவிட்டால், லாரியை அடையும் வாரிசு மூன்று மாதம் வரையில் அதே பெர்மிட்டில் ஓட்டலாம். ஆனால் மரணம் நேர்ந்த முப்பது நாட்களுக்குள் போக்குவரத்து அதிகாரிக்குத் தகவல் கொடுத்திருக்க வேண்டும். பெர்மிட்டைத் தம் பெயருக்கு மாற்றும்படி அந்த மூன்று மாதத்துக்குள் மனுவும் போட வேண்டும். துக்கம் நிறைந்த வீட்டில் யார் இதை நினைப்பார்கள்? டிரைவர் வழக்கம்போல லோடு ஏற்றிக்கொண்டு போய்விடுவான். இன்னொரு மாதம் கழித்து விபத்து நேர்ந்தால், ஒரு துக்கத்தின் மேல் மற்றொரு துக்கம். ஆகையால் இந்த முப்பது நாள் கணக்கை எல்லோரும் இன்றே தெரிந்துகொள்ளட்டும்.

விற்பதிலும் இதே ஜாக்கிரதை வேண்டும். லாரியை விற்றுப் பணத்தை வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றத்தை வாங்கினவர் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருப்பது நமது ஜனங்களின் வழக்கம். வண்டி இரண்டு மூன்று கை மாறியிருந்தாலும், பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி சொந்தக்காரர். நஷ்ட ஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. ஊர் பேர் தெரியாதவர் ஓட்டும் வண்டிக்கு நாம் ஜாமீன் நிற்பது போன்றது இது. வாங்குகிறவரும் பதினான்கு நாட்களுக்குள் இன்ஷியூரன்ஸைத் தம் பெயருக்கு மாற்றும்படி கேட்க வேண்டும்.

"லாரித் தொழிலா, காகிதத் தொழிலா?" என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். பொதுச் சாலை எல்லோருக்கும் சொந்தம். அதில் பதினெட்டு டன் பாரத்தை ஓட்டிச் சென்று பணம் சம்பாதிக்க ஒருவர் அனுமதி கேட்கிறார். அப்படிக் கேட்கிறவரிடம், "உமது வண்டியின் பிரேக் பிடிக்குமா? ஓட்டுகிறவருக்கு ஓட்டத் தெரியுமா? தவறு நேர்ந்தால் யார் ஈடு செய்வார்கள்?" என்று ஊரார் கேட்பதில் தவறென்ன? எப்.ஸி.யும் லைசென்ஸும் இன்ஷியூரன்ஸும் இந்த மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் கொடுக்கும் பதில்கள்தாம்.

இதற்காகச் சர்க்காரின் பக்கத்தில் குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. எப்.ஸி. ஒரு தேதியில் முடிகிறது, பெர்மிட் வேறொரு தேதியில், இன்ஷியூரன்ஸ் மற்றொன்றில், வரி இன்னொன்றில். ஒரே வண்டிக்குரிய இந்தத் தேதிகளை இயன்ற அளவு ஒன்றாக்கினால் ஒற்றை லாரிக்காரர்களுக்குப் பெரும் உபகாரமாக இருக்கும். மேலும், சோதனை என்று பெயர் வைத்தால் சோதனை நடக்க வேண்டும். வண்டியைக் கண்ணால் பாராமலே எப்.ஸி. கிடைக்கும் என்ற பேச்சு எந்த ஊரிலாவது நடமாடினால், ஒழுங்காகச் செலவு செய்து வண்டியைப் பழுது பார்த்தவன்தான் முட்டாளாகிறான். காகிதத்தை மதிக்காதவனுக்குச் செலவு குறைவு. ஆகவே குறைந்த வாடகைக்கு ஓட்டுகிறான். யோக்கியமாகத் தொழில் செய்கிறவனின் லோடு அவனுக்குப் போய்விடுகிறது. சட்டம் எல்லோரிடத்திலும் ஒரே மாதிரி நடந்தால்தான் நாணயத்துக்கு மரியாதை நிலைக்கும்.

இதில் லாரி வைத்திராத நமக்கும் பங்கு உண்டு. ஊர் மாறும்போது வீட்டுச் சாமான் ஏற்றவும், வீடு கட்ட மணலும் செங்கல்லும் கொண்டுவரவும் நாமும் லாரி அமர்த்துகிறோம். ஆயிரம் ரூபாய் குறைவாகக் கேட்கிறவரை அழைத்துக்கொள்கிறோம். அந்த ஆயிரம் ரூபாய் எதில் குறைந்தது என்று கேட்பதில்லை. எப்.ஸி.யும் இன்ஷியூரன்ஸும் உயிரோடிருக்கின்றனவா என்று ஒரு வார்த்தை கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

புதிதாகத் தொழிலில் இறங்குகிறவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது சுலபமான ஒரு காரியம். வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, மேலே சொன்ன காகிதங்களுக்கு வருஷத்தில் என்ன செலவு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதைப் பன்னிரண்டால் வகுத்து, பாங்கித் தவணையோடு சேர்த்து மாதக் கணக்கில் வையுங்கள். அப்போதும் தொழில் கட்டுமானால் இறங்குங்கள். கட்டாவிட்டால் சிறிய வண்டியோடு தொடங்குங்கள். புரோக்கரை அமர்த்துவது உங்கள் இஷ்டம். ஆனால் காலாவதித் தேதிகள் அவரது டைரியில் மட்டும் இருக்கக்கூடாது. உங்கள் வீட்டிலும் இருக்க வேண்டும்.

புது லாரி வந்ததும் நல்ல நாள் பார்த்துப் பூஜை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்புவது நமது வழக்கம். அந்த வழக்கம் இருக்கட்டும். அதே நாளில் எப்.ஸி., பெர்மிட், இன்ஷியூரன்ஸ், வரி, லைசென்ஸ் ஆகிய ஐந்தின் தேதிகளையும் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டில் நாள்காட்டி மாட்டியிருக்கும் ஆணியிலேயே மாட்டிவிடுங்கள். காலையில் தேதி கிழிக்கிறவர் யாராயிருந்தாலும் அவர் கண்ணில் அது தினமும் படட்டும்.